ஸ்டீம்போட் வில்லி: கொண்டாடியது போதும், ஒரு தடவை முழுசாகப் பாருங்கள்

எங்கள் கல்லூரி வினாடி வினாவில் ஒரு கேள்வி: "உலகின் முதல் பேசும் கார்ட்டூன் படம் எது?" எங்கள் அணி சொன்ன பதிலுக்குத் தவறு என்று மணி அடித்தார்கள். எதிரணி "ஸ்டீம்போட் வில்லி" என்றது, 10 மதிப்பெண். நான் எழுந்து வாதாடினேன். "தம்பி, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு, உட்காருப்பா" என்றார் நடத்தியவர். உட்கார்ந்தேன். மதிப்பெண் போனால் போகட்டும். (கோப்பையும் போய்விட்டது, அது வேறு சோகக் கதை.) அந்தக் கடுப்பில் வீட்டுக்கு வந்து படத்தை நாலு தடவை பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த "முதல்" பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். வால்ட் டிஸ்னியின் ஸ்டீம்போட் வில்லி நியூயார்க் காலனி தியேட்டரில் திரையிடப்பட்டது 1928 நவம்பர் 18-ல். மேக்ஸ், டேவ் ஃபிளைஷர் சகோதரர்கள் 1920-களின் நடுவிலேயே டி ஃபாரஸ்டின் ஃபோனோஃபிலிம் முறையில் ஒலியோடு கார்ட்டூன் எடுத்துவிட்டார்கள். 1926-ல் வந்த ஒன்றில் ஒரு நாய் வாயசைத்துப் பேசி, ரசிகர்களைச் சேர்ந்து பாடச் சொல்கிறது. அது போதாதென்றால், பால் டெர்ரியின் "டின்னர் டைம்" 1928-லேயே டிஸ்னி படத்துக்குச் சில வாரங்கள் முன்னால் வந்துவிட்டது. அதை டிஸ்னி நியூயார்க்கில் பார்த்துவிட்டு, வெறும் சத்தம்தான் என்கிற மாதிரி ஊருக்குக் கடிதமே எழுதினார். முந்திய படத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தவரின் படம் எப்படி முதல் படமாகும்? இத்தனைக்கும் இந்தப் "பேசும் படத்தில்" தெளிவாக நாலு வார்த்தை பேசுவது ஏறக்குறைய ஒரு கிளி மட்டும்தான். மிக்கி கீச்சிடுகிறது, விசிலடிக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் படம் உதவாக்கரையா? இல்லவே இல்லை. இதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

டின்னர் டைம் படத்தில் சத்தம் பின்னால் கொண்டுவந்து ஒட்டியது போல இருக்கும். ஸ்டீம்போட் வில்லியில் தாளம் முதலில், படம் அப்புறம். வில்ஃப்ரெட் ஜாக்சன் என்று ஓர் இளைஞர், அம்மா இசை ஆசிரியை. அவர் ஒரு மெட்ரோனோமை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. விநாடிக்கு இரண்டு தட்டு என்று வைத்தால் 12 சட்டத்துக்கு ஒரு தட்டு. அந்தக் கணக்குப்படி மிக்கியின் கால் எப்போது தரையில் படவேண்டும், புகைபோக்கி எப்போது குதிக்கவேண்டும் என்று அப் ஐவெர்க்ஸ் வரைந்தார். பாதிப் படம் முடிந்ததும் ஒரு துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜாக்சன் ஹார்மோனிகா வாசிக்க, மற்றவர்கள் பாத்திரங்களைத் தட்ட, வீட்டுப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு நியூயார்க்கில் நிஜமான வாத்தியக் குழுவை வைத்துச் செய்த முதல் ஒலிப்பதிவு சொதப்பிவிட்டது. இரண்டாவது பதிவுக்குப் பணம் புரட்ட டிஸ்னி தன் காரை விற்க வேண்டி வந்தது. அந்த முறை, தாளத்துக்கு ஏற்ப எகிறும் ஒரு புள்ளியை ஃபிலிமிலேயே பதித்துக்கொண்டு போனார்கள். நடத்துநர் அதைப் பார்த்தே கையை அசைத்தார், பொருந்திவிட்டது. இன்றைக்கும் பாருங்கள், அரை விநாடி கூடப் பிசகாது. 12-ஆல் வகுக்கத் தெரிந்த நாலு பையன்களின் வேலை அது!

(அப்புறம், படத்தின் தலைப்பு அட்டையிலேயே "ஐவெர்க்ஸ் வரைந்தது" என்கிற அர்த்தத்தில் அவர் பெயர் இருக்கிறது. வினாடி வினாவில் அவரைப் பற்றி ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.)

இனி குறைகள். முதல் பாதி இழுவை. கப்பல் தலைவன் பீட் புகையிலையைத் துப்புகிறான், காற்று திருப்பி அடித்து எச்சில் மணியில் பட்டு டிங் என்கிறது. மறுபடி துப்ப, மூஞ்சியிலேயே வந்து விழுகிறது. 1928-ல் அந்த டிங் கேட்டு ஆச்சரியப்பட்டிருப்பார்கள். இன்று அது எச்சில் மட்டும்தான். மின்னி பாவம், ஓடி வருகிறாள், கப்பல் கொக்கியில் மாட்டி ஏறுகிறாள், அப்புறம் ஆட்டின் வாலைச் சுற்றுகிறாள். கதை என்று தேடினால் கிடைக்காது. அடுத்த வருடமே, 1929-ல் வந்த "ஸ்கெலிட்டன் டான்ஸ்" இதைவிட அழகாக இசையும் அசைவும் கலந்த படம் என்பது என் கட்சி.

ஆனால் எல்லாரும் சொல்லும் குறை இது இல்லை. "மிக்கி மிருகங்களைக் கொடுமைப்படுத்துகிறது" என்பதுதான். உண்மைதான். இசைத்தாளைத் தின்ற ஆட்டைக் கிராமபோன் ஆக்குகிறது. பூனையின் வாலை இழுத்துச் சுழற்றுகிறது. வாத்தை நெரிக்கிறது. பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளின் வாலை இழுத்து ஸ்வரம் பிடிக்கிறது, பிறகு தாயைத் தூக்கி, ஒட்டியிருக்கும் குட்டிகளை உதைத்து உதிர்த்துவிட்டு, மடியை அக்கார்டியன் மாதிரி வாசிக்கிறது. கடைசியில் மாட்டின் பல் சைலோஃபோன். இந்தப் பன்றிப் பகுதி சுமார் 30 விநாடி. தொலைக்காட்சிக்காக அதை வெட்டிவிட்டுப் பல வருடங்கள் காட்டினார்கள். 2002-ல் வந்த டிவிடி தொகுப்பில்தான் முழுப்படம் ஒழுங்காகக் கிடைத்தது.

என் சண்டை இந்தக் கத்திரியோடுதான்.

ஏழே முக்கால் நிமிடம் கூட இல்லாத படம். மிக்கி யார் அதில்? எடுபிடி. சுக்கானைப் பிடித்து ஜாலியாக விசிலடித்துக்கொண்டிருக்கும்போது பீட் வருகிறான். மிக்கியின் வயிற்றைப் பிடித்து ரப்பர் மாதிரி இழுக்கிறான், துரத்துகிறான். மிக்கி படியில் உருண்டு வாளிக்குள் விழுகிறது. கிளி சிரிக்கிறது. உடனே அந்த வாளி கிளியின் தலையில். மேலே இருப்பவனிடம் வாங்கியதைக் கீழே இருப்பவர்களிடம் இறக்குகிறது, அதுவும் சிரித்துக்கொண்டே, தாளம் தப்பாமல். நாம் அதற்குக் காலாட்டுகிறோம். படத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. தாளம் அவ்வளவு கச்சிதமாக இல்லாவிட்டால் அந்தக் கொடுமை நமக்கு உடனே உறைத்திருக்கும். பன்றியை வெட்டினால் நமக்குக் கிடைப்பது பாத்திரம் தட்டும் ஒரு நல்ல பிள்ளை. அப்படி ஒரு பிள்ளை இந்தப் படத்தில் கிடையாது.

மூன்றாவது படிக்கும் என் தங்கையை உட்கார வைத்து முழுப்படத்தையும் காட்டினேன். ஆடு வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். பூனைக்கும் சிரித்தாள். குட்டிகளை உதைத்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. "அண்ணா, அதுங்க பால் குடிச்சிட்டுத்தானே இருந்துச்சு?" என்றாள். வெட்டிய படத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது. குழந்தைகளுக்காக வெட்டினோம் என்கிறார்களே, எந்தக் குழந்தைக்காக? எனக்கென்னவோ பொம்மையின் பெயர் கெடாமல் இருக்க வெட்டியதாகத்தான் தோன்றுகிறது.

2024 ஜனவரி 1-ல் அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை 95 வருடம் முடிந்து காலாவதியானது. ஊரே கொண்டாடியது. அன்றைக்கே இந்த மிக்கியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படத்தின் முன்னோட்டம் வந்தது. பன்றிக் காட்சியை ஒழுங்காகப் பார்த்திருந்தால் முகமூடியும் கத்தியும் தேவைப்பட்டிருக்காது :-)

இன்னொன்று. 2007-லிருந்து டிஸ்னி அனிமேஷன் படங்களின் தொடக்கத்தில் ஒரு முத்திரை வருகிறதே, கவனித்திருப்பீர்கள். மிக்கி சுக்கானைப் பிடித்து விசிலடிக்கும் அதே துண்டு. ஏதோ கப்பலே அதனுடையது போல! அடுத்த சில விநாடிகளில் முதலாளி வந்து விரட்டப்போகிறான். படம் முடியும்போது அது கப்பலுக்குள் ஓர் அறையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடியதற்குத் தண்டனையாக, குவியலாகக் கிடக்கும் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறது. கிளி மறுபடி சிரிக்கிறது, ஒரு கிழங்கு பறக்கிறது, கிளி ஆற்றில்.

வினாடி வினா நடத்தும் அண்ணன்களே, அடுத்த வருடம் கேள்வியை மாற்றுங்கள். "ஸ்டீம்போட் வில்லியில் கடைசியில் மிக்கி என்ன வேலை செய்கிறது?" பதில் எனக்குத் தெரியும், 10 மதிப்பெண்ணை இப்போதே எழுதி வையுங்கள்.