யார் யாரைக் கண்டுபிடித்தது?

'கண்டுபிடிப்பு' என்கிற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு கொலம்பஸ் ஞாபகம் வரவேண்டும். ஏற்கெனவே ஜனங்கள் உழுது, விதைத்து, பாடி, ஆடி வாழ்ந்துகொண்டிருந்த நிலத்தை அவன் 'கண்டுபிடித்தான்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். ராக் இசை உலகத்தில் இப்போது அதே தொழில் வேறு ரூபத்தில் நடக்கிறது. 'மறக்கப்பட்ட மேதைகள்' கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பழைய இசைத்தட்டுக்கு தூசி தட்டுகிறார்கள், ஆவணப்படம் எடுக்கிறார்கள், மறுவெளியீடு செய்கிறார்கள், விருது கொடுக்கிறார்கள். சந்தோஷம்தான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இவர்களை மறந்தது யார், யார் மறக்கவேயில்லை, நடுவில் வந்த காசு யார் மடிக்குப் போனது என்பதைப் பேசாமல் இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட என்னால் முடியவில்லை.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை எடுத்துக்கொள்வோம். 1915இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். ஊர்ப் பேரே பருத்திச் செடி. அம்மா பருத்தி எடுத்தவர், மாண்டலின் வாசித்துக்கொண்டு சுவிசேஷம் சொன்னவர். ஆடிப் பாடி கைதட்டி ஆராதிக்கிற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபை அது. நம்ம சேரிகளில் ஓலைக் கூரை ஜெபக் கூடாரத்தில் டேப்பும் கைத்தட்டும் கண்ணீருமாக நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சபையில் சின்னஞ்சிறு வயதிலேயே கிதாரைத் தூக்கிய பெண், 1938இல் இசைத்தட்டு பதிவுசெய்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் இரவு விடுதியிலும் பாடினார், கார்னகி ஹாலிலும் பாடினார். தேவனுடைய பாட்டை சாராயம் விற்கிற இடத்தில் பாடுகிறாளே என்று சபைக்காரர்கள் கொதித்தார்கள். அவர் இரண்டு பக்கமும் விடவில்லை.

1944இல் பதிவுசெய்து 1945இல் பட்டியலில் ஏறிய அவருடைய ஒரு பாட்டு இருக்கிறது, 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே'. மின்கிதாரின் முறுக்கும் பியானோவின் ஓட்டமும் சேர்ந்த அந்த இசையை முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு என்றே சொல்கிறவர்கள் உண்டு. எல்விஸ் பிரெஸ்லிக்கு அப்போது பத்து வயசு. 1947இல் ஜார்ஜியாவில் ஒரு பையனைத் தன் மேடையில் ஏற்றிப் பாடவிட்டு கையில் காசும் கொடுத்தார் ரொசெட்டா. அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட். 1951இல் வாஷிங்டன் நகரத்து விளையாட்டு மைதானத்தில் டிக்கெட் போட்டு அவர் செய்துகொண்ட கல்யாணத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். கல்யாண உடையிலேயே கிதார் வாசித்தார். இத்தனைக்கும் 'ஆம்பளை மாதிரி வாசிக்கிறாள்' என்பதுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு. ஊர் ஊராகப் போகும்போது வெள்ளையர் ஓட்டல்களில் அறை கிடையாது. பஸ்ஸிலேயே தூக்கம்.

இப்படி ஊரைக் கூட்டிய ஒருத்தி எப்படி 'மறக்கப்பட்டவள்' ஆனாள்?

அதற்கென்று ஒரு ஏற்பாடே இருந்தது. 1920கள் முதலே கறுப்பர்களுக்கென்று கறுப்பர்கள் பாடும் தட்டுக்களை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசையில் போட்டு விற்றார்கள். நம்ம பாஷையில் 'சேரித் தட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த மாதிரி பாட்டுக்கும் இரட்டைப் பட்டியல். 1949இல் பில்போர்டு பத்திரிகை அந்தப் பேரை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று கௌரவமாக மாற்றியது. பேர் மாறியது, குவளை மாறவில்லை. தனிக் குவளையில் இருந்த சரக்கை வெள்ளைப் பையன்கள் எடுத்து பொதுக் குவளையில் ஊற்றியபோது அதற்கு ராக் அண்ட் ரோல் என்று பேர், அதற்கு ராஜா என்று ஒருத்தர். தனிப் பட்டியலில் இருந்தவர்கள் வரலாற்றுக்கு முந்தினவர்களாகி 'வேர்கள்' ஆனார்கள். வேர் என்று சொன்னால் மரியாதை மாதிரித்தான் இருக்கும். வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கவேண்டியது என்பது அதில் அடக்கம்.

1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் ஒரு கைவிடப்பட்ட ரயில் நிலையத்தில் ரொசெட்டா வாசித்ததைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். மழை நாள். கோட்டு மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கிதாரோடு, ஈரத்தில் நின்று அவர் வாசிக்கிற வாசிப்பு இருக்கிறதே! ஒரு பிளாட்பாரத்தில் கறுப்பினக் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதிர் பிளாட்பாரத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள். ரயிலடியைப் பழைய தெற்கத்திய அமெரிக்கா மாதிரி ஜோடித்து, கோழியெல்லாம் விட்டிருந்தார்கள். பாட்டுக்காரியை மேடையில் ஏற்றும்போதும் அவளுடைய அடிமைக் காலத்து வாசனை வேண்டியிருக்கிறது ரசிகப் பெருமக்களுக்கு. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள். ஜோடனையை அவர் ஐந்தே நிமிஷத்தில் காலடியில் போட்டு மிதிப்பது தெரியும்.

1970இல் பக்கவாதம். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள். 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் செத்துப்போனார். 2009 வரைக்கும் அவர் கல்லறையில் பேர் பொறித்த ஒரு கல் கிடையாது. கிளீவ்லாந்தில் இருக்கிற 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' 1986இல் முதல் முறை பத்துக் கலைஞர்களுக்கு மாலை போட்டது. பத்தில் ஒரு பெண் இல்லை. ரொசெட்டாவுக்கு 2018இல் இடம் கொடுத்தார்கள், 'ஆரம்பகாலத் தாக்கம்' என்கிற தனி வரிசையில். அங்கேயும் தனி வரிசை பாருங்கள்.

பிக் மாமா தார்ன்டன் கதை இன்னும் கசப்பானது. அலபாமாவில் 1926இல் பிறந்தவர், ஆறடி உயரப் பெண், ஆண் சட்டை போட்டுக்கொண்டு மவுத் ஆர்கனும் டிரம்ஸும் வாசித்தவர். 1952இல் அவர் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்' 1953இல் ஏழு வாரம் கறுப்பினப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. 1956இல் எல்விஸ் அதைப் பாடினார், லட்சம் லட்சமாக விற்றது. தார்ன்டனுக்கு மொத்தமாகக் கிடைத்தது 500 டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதைத் திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா? நம்மில் பலர் அப்படித்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நிதானிக்கவேண்டும். அந்தப் பாட்டை எழுதியவர் தார்ன்டன் இல்லை. லைபர், ஸ்டோலர் என்ற இரண்டு யூதப் பையன்கள், அப்போது ஆளுக்குப் பத்தொன்பது வயசு. சட்டப்படி உரிமை எழுதியவருக்கும் கம்பெனிக்கும். இன்றைக்கும் அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. அந்த வார்த்தைகளுக்கு உயிர் கொடுத்த உறுமல், இழுப்பு, எகத்தாளம் எதற்கும் சட்டத்தில் விலை கிடையாது. எழுத்துக்கு உரிமை, குரலுக்குக் கூலி. எழுத்து யார் கையிலும் குரல் யார் தொண்டையிலும் இருந்தது என்று யோசித்தால் சட்டத்தின் சாதி தெரிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தார்ன்டன் பாடியபோது அது, உட்கார்ந்து தின்கிற ஓர் ஆம்பளையை வீட்டைவிட்டுத் துரத்துகிற பெண்ணின் பாட்டு. எல்விஸ் பாடியது லாஸ் வேகாஸில் ஒரு குழு மாற்றிவைத்திருந்த வரிகளை. அதில் நாய் வெறும் நாய் ஆகிவிட்டது. பெண் காணாமல்போனாள்.

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வாடகை விடுதியில் செத்துக்கிடந்தார் தார்ன்டன். இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து ஒரே குழியில் புதைத்தார்கள். 2024இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரையும் உள்ளே அழைத்தது, நாற்பது வருஷம் கழித்து.

அவர் எழுதிய 'பால் அண்ட் செயின்' பாட்டைப் பாடித்தான் 1967இல் ஜானிஸ் ஜாப்ளின் பெரிய ஆளானார். ஜாப்ளினைத் திட்டுவது என் நோக்கமில்லை. ப்ளூஸ் மகாராணி பெஸ்ஸி ஸ்மித்தின் பேரில்லாத கல்லறைக்கு 1970இல் கல் வைக்க காசு கொடுத்தவர் அவர். ஆனால் பாதிக் காசுதான் அவருடையது. மீதியைக் கொடுத்தது, சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண். கதை சொல்கிறவர்கள் வாயில் பெரும்பாலும் ஜாப்ளின் பேர்தான் வரும்.

'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்று 2012இல் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். டெட்ராய்ட்டில் கட்டட வேலை பார்த்த மெக்சிகோ வம்சாவளிப் பாடகர் ரொட்ரிகஸ், அமெரிக்காவில் விலைபோகாத அவருடைய பாட்டுக்கள் தென்னாப்பிரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது, 1998இல் அவர் அங்கே போய்ப் பாடியது. நல்ல மனுஷன் அவர், 2023இல் மறைந்தார். ஆனால் படம் ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டது. 1979இலும் 1981இலும் அவர் ஆஸ்திரேலியாவில் பெரிய மேடைகளில் பாடியிருக்கிறார். அதைச் சொன்னால் 'கண்டுபிடிப்பு' நீர்த்துப்போகுமே! ராயல்டி எங்கே போனது என்று படத்தின் நடுவில் ஒரு கேள்வி எழும்பும், அப்படியே அமுங்கிப்போகும். நிறவெறி ஆட்சியை எதிர்த்த பாட்டுக்கள் என்கிறார்கள், அதைப் படத்தில் சொல்கிற தென்னாப்பிரிக்கர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்த நாட்டின் கறுப்பர்கள் எங்கே?

அதே ஆண்டில், அதே டெட்ராய்ட் பற்றி இன்னொரு படம் வந்தது. எனக்கு அதுதான் நெருக்கம். டேவிட், பாபி, டேனிஸ் என்று மூன்று ஹாக்னி சகோதரர்கள், கறுப்பினக் குடும்பம். மோடவுன் கம்பெனியின் இனிப்பான இசைக்குப் பேர்போன அந்த ஊரில் கறுப்புப் பையன்கள் ராக் வாசிப்பதா என்று அக்கம்பக்கமே முகம் சுளித்தது. அப்பாவைக் குடிகாரன் ஒருவன் வண்டியேற்றிக் கொன்றான். அந்தச் சாவுக்குப் பிறகு டேவிட் தங்கள் குழுவுக்கு வைத்த பேர் 'டெத்' — சாவு. பயப்படுவதற்கு அல்ல, பிறப்பு மாதிரி அதுவும் ஒரு பயணம் என்று சொல்வதற்கு. 1975இல் ஏழு பாட்டுப் பதிவாயிற்று. பெரிய கம்பெனி முதலாளி கிளைவ் டேவிஸுக்கு இசை பிடித்திருந்தது. பேரை மட்டும் மாற்றச் சொன்னார். டேவிட் முடியாது என்றார். ஒப்பந்தம் போயிற்று. 1976இல் தாங்களே 500 தட்டு போட்டார்கள். கேட்க ஆளில்லை. பங்க் என்று பிற்பாடு உலகம் கொண்டாடிய வேகமும் கோபமும் அந்த 500 தட்டுக்குள் முன்னாலேயே இருந்தது.

ஆராதனைப் பாட்டுக்கும் ரெகேவுக்கும் போய் தம்பிகள் பிழைத்தார்கள். டேவிட் 2000இல் புற்றுநோயில் போய்விட்டார். சாவதற்கு முன்னால் ஒலிநாடாக்களைத் தம்பியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்றாராம். வந்தது. தட்டு சேகரிப்பவர்கள் அந்த 500இல் ஒன்றைப் பல நூறு டாலர் கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு விருந்தில் அந்தப் பாட்டைக் கேட்ட பாபியின் மகனுக்கு அது தன் அப்பன் குரல் என்று தெரிந்தது. வீட்டில் அப்பன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோற்றுப்போனதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம். 2009இல் டிராக் சிட்டி என்ற சின்ன கம்பெனி ஆல்பமாக வெளியிட்டது. சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருஷம் பரண்மேல் நாடாவைக் காத்தது அவர்கள் இல்லை.

ஒரு பேருக்காக ஒப்பந்தத்தை உதறியது முட்டாள்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். சாவு மேளம் என்று ஊர் நமக்கு வைத்த பேரைச் சுமந்தவர்கள் நாம். பறையை 'தப்பாட்டம்' என்றும் 'கிராமியக் கலை' என்றும் பேர் மாற்றினால் மேடை தருகிறோம் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறோம். 'பறை என்றுதான் சொல்வோம், சாவுக்கு இனி அடிக்கமாட்டோம்' என்று சொன்னதற்காக அடிவாங்கிய தோழர்களும் இருக்கிறார்கள். டேவிட் ஹாக்னி சாவு என்ற பேரைப் பிடித்துக்கொண்டதும், நம்மவர்கள் சாவு வேலையை உதறியதும் எதிரெதிர் மாதிரித் தெரியும். எந்தப் பேரை வைத்துக்கொள்வது என்பதை நானே தீர்மானிப்பேன் என்கிற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

கறுப்பர்களோடு நமக்கு இருக்கிற உறவு நேற்று வந்ததல்ல. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யைக் காணிக்கையாக்கியது அடிமை ஒழிப்புக்கு நின்ற அமெரிக்க மக்களுக்கு. 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பேரையே அங்கிருந்து எடுத்தார்கள். இசையில் அந்தப் பாலம் கட்டப்பட ரொம்ப நாளாயிற்று. கானாவையும் ராக்கையும் ராப்பையும் பறையோடு சேர்த்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழரிலிருந்து வந்த பேர் அது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகள் கானாவைக் 'கண்டுபிடித்தன'. வடசென்னைச் சாவு வீடுகளில் ராத்திரி முழுக்கப் பாடியவர்கள் அதற்கு முன்னால் என்ன, ஊமைகளா?

எங்கள் வீட்டில் ஒரு பழைய கானா கேசட் கிடக்கிறது. உறையில் கம்பெனி பேர் இருக்கிறது, விலை இருக்கிறது. பாடியவர் பேர் இல்லை. தெருவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பெரியவர்கள் ஒரே பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தர் காசிமேடு என்கிறார், இன்னொருத்தர் வியாசர்பாடி என்கிறார்.