ஓநாய்க்கு ஓட்டுப் போட்டவர்களின் கோரிக்கைச் சாசனம்

கொலராடோ மாநில ஆளுநருக்கும், சட்டமன்றத்துக்கும், பூங்கா மற்றும் வனவிலங்கு ஆணையத்துக்கும்

ஓநாய்களை மீண்டும் கொண்டுவரச் சொன்ன 114-ஆம் முன்மொழிவுக்கு 2020 நவம்பர் 3 அன்று ‘ஆம்’ என்று வாக்களித்தவர்கள் நாங்கள். டென்வர், அரோரா, போல்டர் பக்கம் பிழைக்க வந்து, குடியுரிமை பெற்று, இந்த மாநிலத்தையே சொந்த ஊராக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள். ராக்கி மலையின் மேற்குச் சரிவில் ஓநாய் மறுபடியும் வாழ வேண்டும் என்று விரும்பினோம். இன்றைக்கும் விரும்புகிறோம்.

அந்த முன்மொழிவு 51 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஆதரவோடு, சுமார் 57,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அதை வெல்ல வைத்தவை மலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் நகரங்கள். ஓநாய்கள் போய் இறங்கியதோ மேற்கே. அங்குள்ள பெரும்பாலான கவுண்டிகள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தன.

2023 டிசம்பர் 18 அன்று ஓரிகனிலிருந்து கொண்டுவந்த ஐந்து ஓநாய்களைக் கிராண்ட் கவுண்டியில் கூண்டு திறந்து விட்டார்கள். அவை ஓடி மறைந்த காணொளியைப் பார்த்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த சில நாட்களில் இன்னும் ஐந்து விடப்பட்டன. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அதே கவுண்டியில் ஒரு கன்றுக்குட்டி கடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தது. பிறகு அடுத்தடுத்து மாடுகள், ஆடுகள். எங்களுக்கு அது செல்பேசியில் வந்த செய்தி. உறைகுளிரில் கண்விழித்திருந்து, தாய்மாட்டின் வயிற்றிலிருந்து அந்தக் கன்றை இழுத்துப் போட்டவருக்கு அது வேறு.

இந்த மண்ணில் ஓநாய் தானாக அழியவில்லை. 1915 முதல் மத்திய அரசே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை வைத்துப் பொறியாலும் விஷத்தாலும் துப்பாக்கியாலும் அவற்றை ஒழித்தது. 1940களில் கொலராடோவில் ஓநாய்ச் சுவடே இல்லாமல் போயிற்று. அழித்தது பொதுப்பணம், திருப்பிக் கொண்டுவந்தது பொதுமக்களின் வாக்கு. அப்படியிருக்க, அதற்கான விலையை மட்டும் மலையடிவாரத்துச் சில குடும்பங்கள் ஏன் கட்ட வேண்டும்? எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவை.

முதல் கோரிக்கை: இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கூடாது

ஒரு விலங்குக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு தர விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அதற்காக மாநிலம் ஒதுக்கும் நிதி ஆண்டுக்கு 3,50,000 டாலர். 2024-ஆம் ஆண்டின் சேதங்களுக்கு வந்த கோரல்கள் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டன. பண்ணைக்காரர்கள் பேராசைப்படுகிறார்கள் என்று எங்கள் நகரத்தில் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். அது தவறு. செத்துக் கிடக்கும் கன்று நட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. ஓநாய் துரத்தும் மந்தை சரியாக மேயாது. தாய்மாடுகள் மெலியும், சினை பிடிப்பது குறையும், விற்பனைக்குப் போகும் கன்றுகள் எடை குறைந்து நிற்கும். கோடையில் மலைமேய்ச்சலுக்கு ஓட்டிவிட்ட கன்றுகளில் சில இலையுதிர்காலத்தில் திரும்பி வராது. அவற்றின் எலும்பு கூடக் கிடைக்காது.

ஆகவே நிரூபிக்கப்பட்ட நட்டம் எவ்வளவோ அவ்வளவும் மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து 60 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். விசாரணை அதிகாரி ஒரு நாளுக்குள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். தோலை உரித்து, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உயிரோடு கடிபட்டதா, செத்தபின் தின்னப்பட்டதா என்று சொல்ல முடியும். இரண்டு நாள் தாமதித்தால் அண்டங்காக்கையும் கரடியும் கொயோட்டியும் அந்தச் சாட்சியத்தைத் தின்றுவிடும். அதிகாரி தாமதித்ததால் அழிந்த சாட்சியத்துக்குப் பண்ணைக்காரரைத் தண்டிக்காதீர்கள். சந்தேகத்தின் பலன் மாட்டை இழந்தவருக்கே போகட்டும்.

2024 முதல் விற்கப்படும் ஓநாய்ப் படம் போட்ட சிறப்பு எண் பலகைகளால் தடுப்பு வேலைகளுக்குப் பணம் சேர்கிறது. எங்களில் சிலரும் அதை வண்டியில் மாட்டியிருக்கிறோம். ஆனால் விரும்பியவர் கொடுக்கும் காசை நம்பி ஒரு சட்டம் நடக்கக் கூடாது. இதற்காக எங்கள் மீது சிறு கட்டணம் விதிப்பதானால் விதியுங்கள், எதிர்க்க மாட்டோம்.

இரண்டாவது: ஓநாய் வரும் சேதி முன்கூட்டியே தெரிய வேண்டும்

விடப்பட்ட ஓநாய்களின் கழுத்துப்பட்டைகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தைப் பதிவு செய்கின்றன. பொதுமக்களுக்கோ மாதம் ஒருமுறை, ஆற்றுப் படுகை அளவில் ஒரு வரைபடம் வெளியாகிறது. பொதுமக்களுக்கு அது போதும். அதற்கு மேல் சொன்னால் துப்பாக்கியோடு தேடிப் போகிறவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும். ஆனால் கன்று போட்டுக்கொண்டிருக்கும் மந்தைக்குப் பக்கத்து மேட்டில் ஓநாய் நிற்கிறது என்றால் அந்த வீட்டுக்கு அன்றைக்கே தொலைபேசி அழைப்பு போக வேண்டும். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது: காவலுக்கு ஆள்

எங்களில் பலருடைய தாத்தாக்கள் கிடை போட்டவர்கள். இரவெல்லாம் கிடைக்குக் காவல் படுத்தவர்கள். மந்தைக்கு அருகில் ஒரு மனித வாடையும் நாயின் குரலும் இருந்தால் ஓநாய் யோசிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இருநூறு ஆட்டுக் கிடையும், பல்லாயிரம் ஏக்கரில் சிதறி மேயும் மாட்டு மந்தையும் ஒன்றல்ல. “அந்தக் காலத்து ஆட்கள் சமாளிக்கவில்லையா” என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

குதிரையில் மந்தையைச் சுற்றிவரும் காவலர்களை மாநிலம் நியமிக்கத் தொடங்கியிருக்கிறது. அதைப் பருவகாலக் கூலி வேலையாக விடாமல், ஆண்டு முழுவதும் நல்ல சம்பளம் கிடைக்கும் வேலையாக்குங்கள். அந்தந்தக் கவுண்டியின் இளைஞர்களையே எடுங்கள். சிவப்புத் துணித் துண்டுகள் தொங்கும் கயிற்றை வேலியாகக் கட்டினால் ஓநாய் மிரளும். ஆனால் சில வாரங்களில் பழகிவிடும். கன்று போடும் சின்னப் பட்டிக்கு அது சரி, மலைமேய்ச்சலுக்கு உதவாது. செத்த மாடுகளைப் பண்ணையிலேயே குழியில் போட்டு வைத்தால் நாற்றத்துக்கு ஓநாய் தேடி வரும். அவற்றை எடுத்துச் செல்ல வண்டியையும், மக்க வைக்க இடத்தையும் மாநிலமே ஏற்பாடு செய்து தர வேண்டும்.

நான்காவது: சுடுவதற்கும் ஒரே நீதி

இதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை. எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்த இடமும் இதுதான்.

2024 கோடையில் கிராண்ட் கவுண்டியில் ‘காப்பர் கிரீக்’ ஓநாய்க் குடும்பம் மாடுகளையும் ஆடுகளையும் மீண்டும் மீண்டும் தாக்கியது. அங்கிருந்தவர்கள் முறையிட்டும் முடிவு தள்ளிப்போனது. கடைசியில் குடும்பத்தைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். தந்தை ஓநாய் ஏற்கெனவே துப்பாக்கிக் குண்டு பட்டிருந்தது, பிடிபட்ட சில நாட்களில் செத்தது. மிச்சக் குடும்பத்தை 2025 ஜனவரியில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த 15 ஓநாய்களோடு சேர்த்து வேறு இடத்தில் விட்டார்கள். அதன் பிறகு பிட்கின் கவுண்டியில் மறுபடியும் கால்நடைகள் செத்தன. மே மாதம் அந்தக் குடும்பத்தின் இளம் ஓநாய் ஒன்றை மாநில அதிகாரிகளே சுட்டுக் கொன்றார்கள். முதலிலேயே தெளிவாக முடிவெடுத்திருந்தால் இவ்வளவு மாடுகளும் செத்திருக்காது, ஒருவேளை அந்த ஓநாய்களும் பிழைத்திருக்கும்.

தொடர்ந்து கால்நடையைக் கொல்லும் ஓநாயை அகற்ற மத்திய விதி இடம் தருகிறது. எத்தனை நாளில் எத்தனை தாக்குதல் என்று எழுதிவைத்த வரையறையையே எந்தக் கவுண்டியானாலும் பின்பற்றுங்கள். பழக்கம் கெட்ட ஓநாயை இன்னொருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடாதீர்கள். அதே உறுதியோடு, திருட்டுத்தனமாக ஓநாயைச் சுடுகிறவர்களையும் கண்டுபிடித்துத் தண்டியுங்கள்.

ஐந்தாவது: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

1995, 1996 ஆண்டுகளில் யெல்லோஸ்டோனில் 31 கனடா ஓநாய்கள் விடப்பட்டன. எல்க் மான்கள் குறைந்து, வில்லோ மரங்கள் தழைத்து, ஆறுகளே திசை மாறின என்ற கதையைக் கேட்டு மயங்கித்தான் எங்களில் பலர் வாக்களித்தோம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே 20 ஆண்டுகள் செய்த சோதனையின் முடிவை 2024-இல் வெளியிட்டார்கள். பீவர்கள் போய், நிலத்தடி நீர் இறங்கிவிட்ட ஓடைக் கரைகளில் வேட்டையாடும் விலங்கு திரும்பியதால் மட்டும் வில்லோ திரும்பிவிடவில்லை என்று அது சொல்கிறது. ஓநாயைக் காக்க அதிசயக் கதை எதுவும் வேண்டாம். இந்த மலைகள் அதன் பூர்வீகம், அது போதும். பள்ளிப் பாடத்திலும் அரசு விளம்பரத்திலும் சாத்தியமில்லாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது: யூட் மக்களைக் கேளுங்கள்

தென்மேற்கே தெற்கு யூட், யூட் மலை பழங்குடிகளின் நிலங்கள் இருக்கின்றன. 1881-இல் யூட் மக்களில் பெரும்பாலானோரை மேற்குச் சரிவிலிருந்து விரட்டியபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இப்போதாவது, முடிவெடுத்தபின் தகவல் சொல்லாமல், முடிவெடுக்கும் மேசையிலேயே அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

ஏழாவது: பாதியில் நிறுத்தாதீர்கள்

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் 30 முதல் 50 ஓநாய்களை விடுவது என்பது 2023 மே மாதம் ஏற்கப்பட்ட திட்டம். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து 50 ஓநாய்களாவது இருந்தால் மாநிலப் பாதுகாப்பு ஒரு படி தளரும் என்றும் அதில் இருக்கிறது. அந்த எண்ணை எட்டாமல் இழுத்துக்கொண்டே போனால், ஓநாய்க்கு வேர் பிடிக்காது, பண்ணைக்காரருக்குச் சுமையும் இறங்காது. ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் ஓநாய் தர மறுத்தன. சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் ஆறு கோரிக்கைகளையும் நிறைவேற்றிக்கொண்டே ஏழாவதையும் செய்ய முடியும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஒப்புக்கொள்வது இரண்டு. வரும் கன்று போடும் காலத்தில், அனுமதிக்கும் பண்ணைகளில் வார இறுதிகளில் இரவுக்காவலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும். வேலி கட்டவோ, கயிறு கட்டவோ, விளக்குப் பிடிக்கவோ, சொல்லும் வேலையைச் செய்வோம். எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இந்தச் செலவுக்காக நாங்களே நேரில் போய் நிற்போம்.

பிப்ரவரியில் முதல் கன்றுகள் விழத் தொடங்கும். அதற்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும்.