அவன் பணத்தை யாரைக் கேட்டுச் செலவு செய்கிறோம்?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். திட்ட வேண்டும் என்று தோன்றினால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் எங்கள் குடியிருப்போர் நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "மாற்றுத்திறனாளிகளுக்கு மாசாமாசம் பணமா குடுக்கறதே தப்பு. மனவளர்ச்சி இல்லாதவங்களுக்குப் பணம்னா என்னன்னு தெரியுமா? வீட்ல இருக்கறவங்கதான் சாப்பிடறாங்க. அரிசி பருப்பா குடுத்துடலாம்." அதற்குக் கீழே பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். நான் மதிக்கும் மனிதர்களும் அதில் இருந்தார்கள்.

அங்கே நான் பதில் எழுதவில்லை. குப்பை வண்டி வரவில்லை, மெட்ரோ வாட்டர் வரவில்லை என்ற செய்திகளுக்கு நடுவில் என் பதிலும் அடித்துக்கொண்டு போயிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தம்பிக்கு 54 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அப்பா போய், 2013இல் அம்மாவும் போன பிறகு என்னோடுதான் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் இருக்கிறான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அவனுக்கு வருகிறது. "வீட்ல இருக்கறவங்கதான் சாப்பிடறாங்க" என்று அந்த நண்பர் எழுதினாரே, அந்த "வீட்ல இருக்கறவங்க" நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் அந்தப் பணத்தை நான் சாப்பிட்டேன்.

திருடவில்லை. பாஸ்புக் என் பீரோவில், ஏ.டி.எம். கார்டு என் பர்ஸில். முதல் வாரம் பணத்தை எடுப்பேன், வீட்டுச் செலவில் சேர்ப்பேன். அவன் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் அதைவிட அதிகமாகவே ஆனது. கணக்கு நோட்டு கூட எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியை அல்லவா! அந்த நோட்டை இப்போது புரட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்திலும் அவன் கேட்டு வாங்கிய பொருள் ஒன்று இல்லை. எல்லாம் அவனுக்கு நல்லது என்று நான் முடிவு செய்தவை.

மணியார்டர் காலம் இப்படி இல்லை. தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவன் வந்து கட்டைவிரல் ரேகை வைப்பான். நோட்டு அவன் கையில்தான் விழும். அடுத்த நிமிடம் அம்மா வாங்கிக்கொள்வார் என்பது வேறு. ஆனால் அந்த ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு வந்தது. வசதிதான், இடைத்தரகர் தொல்லை குறைந்ததும் உண்மைதான். ஆனால் அன்று முதல் என் தம்பி தன் பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

தெருமுனை டீக்கடைக்காரர்தான் என்னை நிறுத்திச் சொன்னார்: "டீச்சர், தம்பி தினம் வந்து பெஞ்சுல உக்காருது. நான் டீ குடுத்தா வேணாம்னு தலைய ஆட்டிட்டுப் போயிடுது. காசு இல்லன்னு கூச்சப்படுது டீச்சர்."

ஐம்பது வயதை நெருங்கிய ஆண்பிள்ளை. அவன் பெயரில் அரசாங்கம் மாதாமாதம் பணம் போடுகிறது. ஒரு டீக்குக் கூசுகிறான். நான் வகுப்பில் எத்தனை ஆண்டு குடிமையியல் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

"பணமாகக் கொடுக்காதே, பொருளாகக் கொடு" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஓய்வூதியத்தையும் அரிசி பருப்பாகத் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா? பஞ்சப்படி உயர்வு ஒரு மாதம் தாமதமானாலே நாம் எப்படிப் பேசுகிறோம்!

"அவர்களுக்கு விவரம் தெரியாது, ஏமாந்துவிடுவார்கள்" என்பது அடுத்தது. ஆமாம், என் தம்பி ஏமாந்தான். பணத்தை அவன் கையில் கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் யாரோ ஒருவன் 500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற வருடம் நான் ஒரு சீட்டில் போட்டு இழந்தது ஒரு லட்சத்து எழுபதாயிரம். எனக்கு யாரும் பாதுகாவலர் நியமிக்கவில்லை. என் ஏ.டி.எம். கார்டை யாரும் பிடுங்கி வைக்கவில்லை. "பாடம் கத்துக்கிட்டீங்க டீச்சர், விடுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். நான் ஏமாந்தால் அனுபவம், அவன் ஏமாந்தால் தகுதியின்மையா?

மூன்றாவது, வங்கிகளும் சொந்தக்காரர்களும் சேர்ந்து சொல்வது: "பாதுகாவலர் சான்றிதழ் கொண்டு வாங்க." தம்பி பெயரில் தனிக் கணக்கு தொடங்கலாம் என்று ஒரு வங்கிக் கிளைக்குப் போனபோது அந்த அலுவலர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பற்றிய எல்லாக் கேள்வியும் என்னிடம்தான். ரிசர்வ் வங்கி 2014இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. பத்து வயதைத் தாண்டிய சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்றது. நான் பாடம் நடத்திய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்கிறது. 54 வயதுக்காரனிடம் பாதுகாவலர் எங்கே என்று கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு: சொத்து வைத்துக்கொள்ள, தன் நிதி விவகாரங்களைத் தானே கட்டுப்படுத்த, மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு. உதவி செய்பவருக்கும் அவருக்கும் ஒரு பணவிஷயத்தில் நலன் மோதினால், உதவி செய்பவர் விலகி நிற்க வேண்டும். அந்த உதவி ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. உதவி கொடுத்தும் முடியாத நிலையில்தான் 14ஆம் பிரிவின் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர். அதுவும் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து எடுக்கும் முடிவு.

இதற்கு முந்தைய 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு உள்ளூர் குழு பாதுகாவலரை நியமிக்கும். அதிலும் கணக்கு உண்டு. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு தர வேண்டும். சான்றிதழ் வாங்க அலைகிற சொந்தங்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியும்? தெரிந்தும் வாங்குவார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், பேச்சு 2,000 ரூபாயில் ஆரம்பிக்கும். போய் நிற்பது ஒரு கிரவுண்டில். அப்பா விட்டுப்போன இந்த வீட்டு மனையில் தம்பிக்கும் பங்கு இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று கிரவுண்ட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். எங்கள் அண்ணன் மகன் நல்ல பிள்ளை, சொல்லிக்காட்ட ஒன்றும் இல்லை. "அத்தை, உங்களுக்கு அப்புறம் யாரு? இப்பவே என் பேர்ல கார்டியன்ஷிப் வாங்கி வெச்சிடலாம்" என்கிறான். அக்கறையோடுதான் சொல்கிறான். ஆனால் மனையில் பங்குள்ள ஒருவனே இன்னொரு பங்குதாரருக்காகக் கையெழுத்துப் போடுவதா? நலன் மோதல் என்று சட்டம் சொல்வது இதைத்தானே. "சித்தப்பாவைக் கேட்டியா?" என்றேன். சிரித்தான். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கே ஐம்பது வருடம் தோன்றவில்லை, அவனைச் சொல்லி என்ன?

வெளிநாட்டுக் கதையும் சொல்கிறேன். மேல்நாட்டு மோகத்தில் அல்ல. என் பழைய மாணவி ஒருத்தி மெல்பர்னில் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஆட்டிசம். ஆஸ்திரேலியாவில் 2013இல் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்துக்குச் சட்டம் போட்டார்கள். அதில் ஒருவருக்கு ஒதுக்கும் தொகையை மூன்று வழியில் கையாளலாம். தானே, அல்லது தன் குடும்பத்தார் வழியாக, பில் கட்டிக் கணக்கு வைக்கலாம். பதிவு பெற்ற ஒரு திட்ட மேலாளரிடம் விடலாம், அவருக்கான கட்டணம் தனியாகவே ஒதுக்கப்படும். அல்லது அரசு நிறுவனமே நேரடியாகப் பட்டுவாடா செய்யும். ஒரு பகுதியை ஒரு வழியிலும் மறு பகுதியை இன்னொரு வழியிலும் வைத்துக்கொள்ளலாம். அங்கே மோசடியே இல்லை என்று நினைக்க வேண்டாம், நிறைய நடந்து அவர்கள் பாராளுமன்றமே பேசியது. ஆனால் மோசடி நடந்தது என்று எல்லோர் உரிமையையும் பிடுங்கவில்லை. "எப்படி வேண்டும்?" என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருக்கிறது. பிரிட்டனிலும் சேவைக்குப் பதிலாகப் பணத்தையே நேரடியாகக் கொடுக்க 1996இல் சட்டம் செய்தார்கள். அதைப் போராடி வாங்கியவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்தான்.

நம் படிவத்தில் அந்தக் கேள்வி எங்கே? ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறாரா என்று சான்று கேட்கிறார்கள். பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் தாய்மார்கள் கோபப்படுவீர்கள். "இருபத்திநாலு மணி நேரமும் பார்த்துக்கறது நான். 2,000 ரூபாயில உரிமை வேற பேசறீங்களா?" நியாயமான கோபம். 2,000 ரூபாய் போதாதுதான். ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000. முழுக்கப் படுக்கையில் இருப்பவருக்கு 15,000. அந்த அளவுக்கு இங்கேயும் உயர்த்து என்று சங்கங்கள் தெருவில் இறங்குகின்றன, நானும் போய் நின்றிருக்கிறேன். ஆனால் உங்கள் உழைப்புக்கான கூலியை அரசிடம் கேளுங்கள். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. இங்கே அதற்கு 1,000 ரூபாய் என்று ஒன்று இருக்கிறது. அதை உயர்த்தச் சொல்லிச் சண்டை போடுவோம், சேர்ந்தே போடுவோம். உங்கள் கூலியைப் பிள்ளையின் பணத்தில் கழித்துக்கொள்ளும் நிலையில் உங்களை நிறுத்தியிருப்பது அரசு. அந்தத் தப்பை நாம் சரி என்று ஆக்க வேண்டாம்.

"பேசவே முடியாத, ஒன்றும் காட்டத் தெரியாத பிள்ளைக்கு?" அங்கே யாராவது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் கணக்கோடு எடுங்கள். இந்தத் துணி போட்டால் முகம் சுளிக்கிறது, இந்தப் பாட்டு போட்டால் கை தட்டுகிறது என்று தாய்க்குத் தெரியாததா? அதுவும் பதில்தான்.

சரி, நான் என்ன செய்தேன்? ஒரு சிறப்பாசிரியர் சொல்லிக்கொடுத்தார். பணம் கையாளப் பழக்குவது அவர்களுக்கு ஒரு பாடமே. நான்கு டப்பா, நான்கு நிறம். சிவப்பு மாத்திரைக்கு, பச்சை ஆட்டோவுக்கு, மஞ்சள் வீட்டுச் செலவில் அவன் பங்கு, நீலம் அவனுக்கு. மாதம் முதல் வாரம் அவனோடு ஏ.டி.எம். போகிறேன். பொத்தானை அவன் அழுத்துகிறான், நோட்டை அவன் எடுக்கிறான், டப்பாவில் அவன் போடுகிறான். நீல டப்பாவில் மாதம் 400 ரூபாய். அதை நான் தொடுவதில்லை. மஞ்சள் டப்பாவை என்னிடம் நீட்டி, "அக்கா, வீட்டுக்கு" என்பான். அப்போது முதுகு நிமிர்ந்திருக்கும்.

முதலில் வாங்கியது ஒரு எஃப்.எம். ரேடியோ. வீட்டில் டி.வி. இருக்கிறது, எதற்கு இது என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போது டீக்கடையில் அவன் டீ குடித்துவிட்டு இன்னொருவருக்கும் வாங்கிக் கொடுக்கிறானாம். கடைக்காரர் சொன்னார்.

நான் கேட்பது ஐந்து.

1. உதவித்தொகை ஒப்புதலின்போது அவரையே கேளுங்கள்: தனிக் கணக்கா, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரோடு கூட்டுக் கணக்கா, வேறு யார் வழியாகவா? ஆயுள் சான்று வாங்கும் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி கேளுங்கள், மாற்ற விடுங்கள்.

2. பிறர் பணத்தைக் கையாளும் எவரும், தாயானாலும் சரி, விடுதியானாலும் சரி, ஆண்டுக்கு ஒரு பக்கக் கணக்கு கொடுக்கட்டும்.

3. வங்கிகள் பாதுகாவலர் சான்றிதழை முதல் படியாகக் கேட்கக் கூடாது. 13ஆம் பிரிவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் மாட்டுங்கள்.

4. தொகையை உயர்த்துங்கள். பராமரிப்பாளர் படியைத் தனியாக, கௌரவமாகக் கொடுங்கள்.

5. பெற்றோர்களே, கூடப் பிறந்தவர்களே, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் 100 ரூபாய் அவர் கையில் கொடுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

2025இல் நம் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டம் செய்தது. மனமார வரவேற்கிறேன். ஊர்ப் பணத்தைப் பற்றிப் பேச ஒரு நாற்காலி கொடுத்தாயிற்று. சொந்தப் பணத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஒரு நாற்காலி போடுங்கள்.

எனக்கு 66 வயது. எனக்குப் பிறகு தம்பியின் பாஸ்புக் யார் கையில் இருக்கும் என்று ராத்திரியில் நினைத்தால் தூக்கம் வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனையே கேட்டுவிட்டேன்: "நான் இல்லன்னா உன் பணத்தை யார் பாத்துக்கணும்?" ரொம்ப நேரம் யோசித்தான். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னான். கல்லூரியில் படிக்கிறவள், அவனோடு தினமும் ரேடியோ கேட்பவள். என் பட்டியலில் அவள் பெயர் இல்லவே இல்லை.

அவளிடம் இன்னும் பேசவில்லை. பேசப் போகிறேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். இதே நிலையில் இருக்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள். எங்கள் குடியிருப்போர் குழுவில் இருக்கிற நண்பர்கள் அங்கேயும் போடலாம். அந்தப் பதினெட்டுப் பேர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.