வகுப்பறையில் ஒலிக்காத நாவல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று வெளியேறும் ஒரு மாணவன், முழு நாவல் ஒன்றைத் தன் ஆசிரியர் வாயால் ஒருமுறையேனும் கேட்டதுண்டா? ஆசிரியப் பெருமக்கள் முன் இவ்வினாவை வைக்கிறேன். பாடநூலில் கதை உண்டே என்பீர்கள். உண்டு, அது ஒன்றரைப் பக்கத் துண்டு. அதன் கீழே கருத்துணர் கேள்விகள் காவலர்போல் வரிசையாக நிற்கின்றன. விருந்து முழுவதையும் உண்ணாதவனிடம் சுவையைப் பற்றி ஐந்து கேள்வி கேட்பது என்ன முறை?

1998இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், நான்சி பெர்ல் என்னும் நூலகர் ஊரார் அனைவரும் ஒரே நூலைப் படிக்கும் முயற்சியைத் தொடங்கினார். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2005இல் இதையொத்த ஓர் இயக்கத்தைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் தொடங்கியது. 2010இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆசிரியை பெர்னில் ரிப் இவ்வெண்ணத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அவர் வகுத்த முறை மிக எளிது. அக்டோபரில் தொடங்கி ஆறு வாரம், ஒரே நாவலைப் பல நாட்டு ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் வாய்விட்டுப் படிப்பார்கள். கேட்ட பிள்ளைகள் பிறநாட்டுப் பிள்ளைகளோடு அக்கதையைப் பற்றி உரையாடுவார்கள். புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை.

இதனை நம்மவருள் சிலரும் அறிவர். அறிந்து அவர்கள் கூறுவதென்ன? “நல்ல திட்டம், ஆங்கிலப் பாடவேளையில் செய்யலாம்” என்கின்றனர். உலகத்தோடு பேச ஆங்கிலம், வினாத்தாளோடு பேசத் தமிழ் என்ற இப்பிரிவினையை யார் வகுத்தது? தமிழ் பயிலும் வகுப்பறைகள் மலேசியாவில் மட்டுமா உள்ளன? சிங்கப்பூரில், இலங்கையில், மொரீசியசில், கனடாவின் வார இறுதி வகுப்புகளில் உள்ளன. தமிழகத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு மொழிக்கு இத்தனை நாடுகளில் பிள்ளைகள் இருந்தும் அவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்காமலே வளர்கின்றனர். வேறு சில பள்ளிகளில் உலக இணைப்பு என்பது இருபது நிமிடக் காணொலியில் கையசைத்து, வணக்கம் கூறி, படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. பேசுவதற்குப் பொருள் இல்லாதவர்கள் கையசைப்பதன்றி வேறென் செய்வர்? பொதுவான கதை ஒன்று இருந்தால் அல்லவா பேச்சு பிறக்கும்!

இது நமக்குப் புதிதுமன்று. தோட்டத்து லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் நாளிதழையோ அல்லியரசாணி மாலையையோ படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் இருந்தது. 1950களில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடந்த மாணவர்களை எழுத்தால் ஒன்றுகூட்டியது. அன்று அஞ்சல்தலையும் ஆர்வமுமே கருவிகள். இன்று கருவிக்குக் குறைவில்லை.

நேரமில்லை என்பார்க்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஆக 600 நிமிடம். பக்கத்திற்கு மூன்று நிமிடம் கொண்டாலும் 200 பக்க நாவல் முடிந்துவிடும். யுபிஎஸ்ஆர் தேர்வைக் காட்டி நேரமில்லை என்று கூறிவந்தனர். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. சாக்கு மட்டும் நீங்கவில்லை. வாசிப்பை வளர்க்க வந்த நிலாம் திட்டமோ, பல பள்ளிகளில் எத்தனை நூல் என்ற எண்ணிக்கைக் கணக்காகச் சுருங்கிவிட்டது. வாய்விட்டு வாசித்தல் என்றாலே வேகம், தொனி, உச்சரிப்பு, நிறுத்தக்குறி என்று மாணவனை நிற்கவைத்துச் சோதிப்பதாகவே பயிற்சிக் கல்லூரியிலிருந்து பழகி வந்துள்ளோர் பலர். நான் கூறும் வாசிப்பில் படிப்பவர் ஆசிரியர், மாணவன் கேட்பவன். கடினமான சொல் வந்தால் அவன் முகம் பார்த்து ஆசிரியர் ஒரு கணம் நிறுத்துவார், அவ்வளவுதான். கதை நின்ற இடத்தில் மணி அடிக்க வேண்டும். அடுத்தது என்ன என்ற ஏக்கத்தோடு பிள்ளை திடலுக்கு ஓட வேண்டும். அவ்வேக்கத்தை எந்தப் பயிற்றியும் தந்ததில்லை.

“நாட்டுக்கு நாடு தமிழ் வேறுபடுகிறதே, பிள்ளைகள் குழம்புவரே” என்பது மற்றொரு தடை. அந்த வேறுபாட்டிற்காகவே இதைச் செய்ய வேண்டும் என்பேன். நம் நாட்டுக் கதையில் ஒருவர் “பசியாறிவிட்டாயா?” என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். நமக்கு அது காலைச் சிற்றுண்டி. டொராண்டோவில் வாழும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அது என்னவென்று வினவும். நம் பிள்ளை விடையெழுத வேண்டும். பயிற்சிக்காக அன்று, உண்மையாகவே ஒருவர் கேட்டதற்காக. கங்காணி, லயம், பெரட்டு என்ற சொற்களை நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதே இல்லை. ‘கித்தா’ என்றால் மட்டும் அது விழிக்கும். இங்கே ரப்பர், அங்கே தேயிலை. இரு தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழகத்தில் இருந்தன என்னும் வரலாற்றை இரு பிள்ளைகளும் ஒரு சொல்லின் வழியே கண்டுகொள்வார்கள். வரலாற்றுப் பாடவேளை தனியே வேண்டுமா?

நேர வேறுபாடும் தடையாகாது. கோலாலம்பூரில் காலை எட்டு மணியாகும்போது கொழும்பில் ஐந்தரை. அக்டோபரில் டொராண்டோவில் முந்திய நாள் இரவு எட்டு. ஒரே மணியில் கூட வேண்டுவதில்லை; ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் நின்றால் போதும். கடிதமோ குரல்பதிவோ மறுநாள் சென்று சேரட்டும்.

எந்த நூல் என்பதில் பூசல் எழும். எழட்டும், நூலுக்காகத் தமிழாசிரியர்கள் பூசலிட்டு நெடுங்காலம் ஆயிற்று. கே. பாலமுருகன் போன்றோர் இந்நாட்டுச் சிறுவர்க்கென மர்ம நாவல்கள் எழுதியுள்ளனர். மொழிபெயர்ப்பு வேண்டுமெனில், 1981இலேயே பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த ‘குட்டி இளவரசன்’ இருக்கிறது. முதலாண்டு இந்நாட்டு நூலாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு இரண்டு படி வாங்கினாலே ஆயிரம் படிகள். படியெடுத்துப் பரப்பாமல் விலைகொடுத்து வாங்க வேண்டும். குரல்பதிவுக்கு எழுத்தாளரின் இசைவும் பெற வேண்டும். எழுத்தாளர் சங்கமும் தலைமையாசிரியர்களும் சூன் மாதத்திற்குள் கூடி நூலை முடிவுசெய்தால், அக்டோபர் முதல் வாரம் முதல் அத்தியாயத்தைத் திறக்கலாம். என் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்புகள் இரண்டையும் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.