‘இவர் நோயாளி’ என்று சொல்ல யாருமில்லாதபோது

2009 அக்டோபர் 29 அன்று, கொழும்பு பம்பலப்பிட்டிக் கடற்கரையில் மனநலம் பாதிக்கப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். சாலையில் சென்ற வாகனங்கள்மீது கல்லெறிந்தார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. கடலுக்குள் விரட்டப்பட்டு, கைகூப்பிக் கெஞ்சிய பின்னும் கட்டையால் அடிக்கப்பட்டு, அவர் நீரில் மூழ்கினார். அடித்தவர்களுள் காவலரும் இருந்தார். கரையில் நின்றோர் வேடிக்கை பார்த்தனர்.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியிலிருந்து அக்கொலையை நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. காவலர்முன் நிற்கும் மனநோயாளியைப் பெரும்பாலும் காப்பது சட்டமன்று; “ஐயா, இவருக்கு உடம்பு சரியில்லை” என்று குறுக்கே வந்து நிற்கும் உறவினரே. அக்குரல் இல்லாதவரின் நோய் குற்றமாகவே பார்க்கப்படுகிறது. 2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில், மனநலம் பாதிக்கப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவரை அரிசி திருடியதாகக் கூறி ஒரு கும்பல் கைகளைக் கட்டி அடித்தது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், காவல் வாகனத்திலேயே அவர் உயிரிழந்தார். அவ்வழக்கில் 2023இல் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அங்கே அடித்தது கும்பல். பம்பலப்பிட்டியில் அதனோடு சீருடையும் சேர்ந்துகொண்டது. எதிரே நிற்பவர் நோயாளியா, திருடனா என்பதைச் சாதியும் இனமும் உடையும் மொழியும் நொடியில் தீர்மானித்துவிடுகின்றன.

சிப்காட் ஆலைகள் முதல் ஜூஜூவாடி எல்லை வரை பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாழ்கின்றனர். தலித், பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வந்தோர் அவர்களுள் பலர். இரவுப் பணி, கடன், நெருக்கடியான வாடகை அறை, தொலைவிலுள்ள குடும்பம். இவர்களுள் ஒருவர் மனம் உடைந்து நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கூச்சலிட்டால், அவருக்காகத் தமிழிலோ கன்னடத்திலோ பேச யார் இருக்கிறார்கள்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவு, மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைத் தம் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். எந்நிலையிலும் லாக்கப்பில் அடைக்கக்கூடாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் குறித்த முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைக் கைதின்போது பறிக்கும் உரிமையை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு எவருக்கும் வழங்கவில்லை. கல்லெறிந்ததற்குத் தண்டனை மரணமன்று.

நாட்டின் தலையாய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எல்லைக்கோடு அத்தொலைவை நீட்டிவிடக் கூடாது. இரு மாநிலக் காவல், நலத்துறைகளுக்கிடையே எழுத்துபூர்வமான ஏற்பாடு, ஓசூர் அரசு மருத்துவமனையில் இரவிலும் மனநல மருத்துவர், காவல் நிலையங்களில் இந்தி, ஒடியா மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை நாம் கோருகிறோம்.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. 100ஆம் பிரிவின்கீழ் கடந்த 5 ஆண்டுகளில் எத்தனை பேரைப் பாதுகாப்பில் எடுத்தீர்கள், எந்த மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள் என்று ஒவ்வொரு காவல் நிலையத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதில் சுழியம் என வந்தால், அதுவே நம் போராட்டத்தின் முதல் ஆவணம்.