வழக்குரைத்த வாழ்வு

கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படுதலை நம்மவர் அறிவர். மன்னன் அவையிலே தனியொருத்தி நின்று, சான்று காட்டி, நீதி கேட்டமையே அக்கதையின் உயிர்நிலை. வழக்குரைத்தல் நம் மரபிலே பொருளீட்டும் தொழில் மட்டுமன்று, அறங்கேட்கும் முறையுமாகும். திருகோணமலையின் சட்டத்தரணியும் பாராளுமன்ற உறுப்பினருமாயிருந்த அமரர் இராஜவரோதயம் சம்பந்தனின் பொதுவாழ்வை இந்நோக்கிலே ஆராய்தல் தகும்.

1933ஆம் ஆண்டு பிறந்த அவர், இலங்கைச் சட்டக் கல்லூரியிலே பயின்று சட்டத்தரணியானார். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பிலே திருகோணமலைத் தொகுதிக்குத் தெரிவானார். 1983இல் அரசியலமைப்பின் ஆறாந் திருத்தம் விதித்த சத்தியப்பிரமாணத்தை அக்கட்சியினர் ஏற்க மறுத்தனர், உறுப்புரிமை பறிபோயிற்று. 1997இல் திருகோணமலை உறுப்பினர் அ. தங்கத்துரை கொலையுண்டபோது, அவ்வெற்றிடத்துக்கே சம்பந்தன் மீண்டும் அவை புகுந்தார். 2001 முதல் 2024 ஜூன் 30ஆம் நாள் மறையும்வரை மாவட்டத்தின் குரலாய் அவையிலிருந்தார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப்பின் அப்பதவி பெற்ற தமிழர் அவரே.

அவர்தம் இரு துறைகளும் ஒன்றுகூடிய வேளை 2018இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை ஆண்டு நிறையுமுன் கலைப்பதாயின் மூன்றிலிரண்டு உறுப்பினரின் தீர்மானம் வேண்டும் என்பது அன்றைய அரசியலமைப்பின் விதியாயிருந்தது. சம்பந்தனும் பிறரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். டிசம்பர் 13ஆம் நாள் நீதியரசர் எழுவரும் ஒருமித்து, கலைத்தமை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தனர். அவ்வழக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பாராளுமன்றம் மீண்டது, ஆனால் ஒரு வாரத்துள் எதிர்க்கட்சித் தலைமை அவர் கையினின்று மகிந்த இராஜபக்சவிடம் சென்றது. தாம் காத்த அவையிலே தம் பதவி நிலைக்குமா என எண்ணிப் பாராது அவர் வாதாடினார் என்பதை மாணவர் கருத வேண்டும்.

எனினும், புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. 2004இல் 22 இடங்களைப் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2020இல் பத்தாகக் குறைந்தது. அவர் உயிரோடிருக்கையிலேயே, 2023இல், தமிழரசுக் கட்சி தனித்துப் போட்டியிட முடிவு செய்ய, கூட்டமைப்பு சிதறியது. 2016இல் பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாகக் கூடியும் புதிய அரசியலமைப்பு பிறக்கவில்லை. அம்முயற்சியில் அவர் வைத்த நம்பிக்கை அளவுகடந்தது என்று கூறுவாரைக் குறைகூற இயலாது. தலைமையைக் காலத்தே இளையோர்க்குக் கைமாற்றாமையும் குறையே.

இவ்வெற்றிக்கும் இத்தோல்விக்கும் காரணம் ஒன்றே எனலாம். 2018இல் அவர் சுட்டிக்காட்ட எழுதப்பட்ட விதியொன்று இருந்தது. நீதிமன்றம் அதனைக் காத்தது. தமிழ் மக்கள் வேண்டும் அதிகாரப் பகிர்வோ இன்னும் போதிய அளவு எழுத்தில் ஏறவில்லை. எழுதப்படாத உரிமையை எத்துணைச் சிறந்த சட்டத்தரணியும் மன்றிலே வென்றெடுத்தல் அரிது. அதனை எழுதுவிக்கும் இடம் சட்டமன்றமே. அங்கு வேண்டுவன சான்றும் சொல்லும் மட்டுமல்ல, பிறர் மனத்தை வெல்லும் ஒற்றுமையும் எண்ணிக்கையுமாம்.

“பேசிப் பயனென்ன?” என்று இளைஞர் வினவுங் காலம் இது. அவ்வினாவுக்கு விடை வசையன்று, பயிற்சியே. தமிழாசிரியர்கள் வழக்குரை காதையைக் கற்பிக்கும்போதே, 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரத்தையும் எளிய தமிழிலே மாணவர்முன் வைத்தல் வேண்டும். குற்றச்சாட்டு யாது, சான்று யாது, விதி யாது, முடிவு யாது என அவர்களே பகுத்துக் காணட்டும். இலக்கிய வட்டங்கள் சம்பந்தனின் பாராளுமன்ற உரைகளை ஏற்பும் மறுப்புமாக ஆய்தல் நன்று.

நினைவு மண்டபம் எழுப்பப் பொருள் வேண்டும். இதற்கோ ஒரு வகுப்பறையும் ஒரு பாடவேளையும் போதும். முடியாத வழக்கொன்றை அவர் விட்டுச் சென்றுள்ளார். அதனைத் தொடரத் தக்க நாவன்மையும் நடுவுநிலையும் உடையாரை ஆக்குதல் ஆசிரியர் கடனாகும்.