பட்டணத்தை விடாததேன்?

மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கங்களிலிருந்து சென்னைக்குப் போய்ப் பிழைக்கும் மக்களைப் பார்த்து, "சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்கு அழுதுவிட்டு ஒண்டுக்குடித்தனத்தில் ஏன் கஷ்டப்படவேண்டும்? ஊரில் சொந்த வீடு சும்மா கிடக்கின்றதே" என்று சிலர் புத்தி சொல்லுகின்றார்கள். பட்டண மோகம் என்று காரணமும் கற்பிக்கின்றார்கள்.

வீடு இருக்கின்றது, சரி. வேலை இருக்கின்றதா என்று கேட்கின்றோம். மானம் பார்த்த கரிசல் பூமியில் மழை தவறிக் கண்மாய் வறண்டால், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைத் தவிர ஏழைக்கு வேறு வழி என்ன? 2018-ம் வருஷத்தில் மத்திய அரசாங்கத்தார் கைதூக்கிவிட வேண்டிய ஜில்லாக்களைப் பொறுக்கியபோது, தமிழ்நாட்டில் அகப்பட்டவை விருதுநகரும் ராமநாதபுரமுமேயாகும். பட்டணத்திலோ புருஷனுக்கு ஒரு வேலை போனாலும் பெண்ஜாதிக்கு ஒரு வேலை உண்டு. வீடு மட்டும் போதுமென்பது உண்மையானால், சென்னை ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வீடு கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் அநேகர், வேலைக்காகப் பழைய இடத்தையே தேடி ஓடுவானேன்?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஊரில் ஒருவன் எவ்வளவு படித்தாலும் அவன் இன்ன தெருக்காரன் என்பதுதான் முதலில் வருகின்றது. பட்டணத்து டீக்கடையில் அதை எவரும் கேட்பதில்லை. தோழர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில், கிராமம் அறியாமையும் வகுப்புணர்ச்சியும் குடிகொண்ட இடமென்று பேசியது இதனால்தான். எனவே அதிக வாடகையில் ஒரு பங்கு மானத்துக்குக் கொடுக்கும் விலையேயாகும்.

ஆனால் பட்டணம் யோக்கியமானதென்று நாம் சொல்ல வரவில்லை. "சைவம்தானே?" என்று வீட்டுக்காரர் கேட்பது, பெரும்பாலும் "என்ன ஜாதி?" என்பதற்கு மறுபெயரே. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம் இவைகளில் ஜாதி பார்க்கக்கூடாதென்கின்றது. வாடகை வீட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2019-ல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாதென்று சொல்லிவிட்டு, வேறு ஒப்பந்தமிருந்தால் பாதகமில்லையென்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. ஒப்பந்தம் எழுதுகின்றவன் யார்? வீடில்லாதவனா?

ஆகவே தோழர்களே! ஊருக்குத் திரும்பு என்று உபதேசிக்கின்றவர்கள், முதலில் மல்லாங்கிணற்றில் கூலிக்கும் மானத்துக்கும் வழி செய்யட்டும். அதுவரையில் பட்டணத்தில் ஜாதி கேளாத வீடும் நியாயமான வாடகையும் கேட்பது பிச்சையல்ல, உரிமையேயாகும்.